பைபாஸ் ஓரத்துச் சொந்த வீடு: ஆறு வருஷம் குடியிருந்த பிறகு

கிருஷ்ணகிரியில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தது 2019 தை மாதம். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஓசூரில் வாடகை வீடு. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் கம்பெனிக்கு அங்கிருந்து மூன்றே கிலோமீட்டர். என் கணவரின் கடையும் என் அத்தையும் கிருஷ்ணகிரியில். சொந்தம் என்று ஒன்று வந்தால் சொந்த ஊரில் வரட்டும் என்று இங்கே மனை தேடினோம். பைபாஸுக்கு நூற்றைம்பது அடி தள்ளி ஒன்று அமைந்தது. ரோட்டுப் பக்கம், நாளைக்கு விலை ஏறும் என்று எல்லோரும் சொன்னார்கள். மொத்தம் 36 லட்சம் ஆனது, அதில் 22 லட்சம் பேங்க் லோன். இன்றைக்கும் மாதம் 19,800 கட்டிக்கொண்டிருக்கிறோம்.

வீடு கட்டப் போகிறவர்கள் என்னிடம் சிமென்ட் என்ன, கம்பி என்ன, மேஸ்திரி கூலி எவ்வளவு என்று கேட்கிறார்கள். அதைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் உண்டு. எந்தச் செலவு எத்தனை நாளைக்கு மனதில் நின்றது என்பதை மட்டும் நான் எழுதுகிறேன். எங்களுக்கு முன்னால் வீடு கட்டிய யாரும் அதை எங்களுக்குச் சொல்லவில்லை.

முதலில் சமையலறை. மாடுலர் கிச்சனுக்கு மட்டும் 2,40,000 ரூபாய். ஓசூர் வீட்டில் சிமென்ட் ஸ்லாப், அதன் மேல் பிளாஸ்டிக் டப்பாக்கள். மழைக்காலத்தில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் சுவர் ஓதம் அடிக்கும். அதனால் கிச்சனில் ஒரு பைசா குறைக்கக் கூடாது என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். குடிவந்த அன்றைக்கு ராத்திரி சாமான் அடுக்கி முடிக்கப் பதினொரு மணி. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. மசாலா டிராயரை இழுத்து விட்டாள். அது பாதி தூரம் வேகமாகப் போய், கடைசி நாலு விரல்கடையில் யாரோ உள்ளிருந்து கை வைத்துப் பிடித்ததுபோல் மெதுவாகி, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. "அம்மா, இன்னொரு வாட்டி" என்றாள். நானும் இழுத்தேன். அவரும் வந்து இழுத்தார். மூன்று பேரும் அரை மணி நேரம் ஒரு டிராயரோடு உட்கார்ந்திருந்தோம்.

போன மாதம் சீரகம் தேடும்போது அதே டிராயரை முழங்காலால் தள்ளி மூடினேன். அது மெதுவாக மூடியதா என்று கூட எனக்குத் தெரியாது. டிராயரில் ஒரு குறையும் இல்லை, முதல் நாள் போலவேதான் இருக்கிறது. அதைப் பார்ப்பதை நான் எப்போது நிறுத்தினேன் என்று யோசித்துப் பார்த்தால், அந்த வருஷம் ஆடிக்குள் நிறுத்தியிருப்பேன்.

ஃபால்ஸ் சீலிங் விளக்குகள் இரண்டு மாதம். அந்த விளக்குக்கு நாலு கலர் ரிமோட் உண்டு, எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும். முகப்பு எலிவேஷனுக்கு 1,80,000 செலவு. காலையில் இருட்டோடு கிளம்பி இருட்டோடு திரும்புகிறவளுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை, தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். ஹாலுக்கு கிரானைட். நம் மாவட்டத்துக் கல்தானே என்று ஆசையாக குவாரிப் பக்கமே போய்ப் பார்த்து எடுத்தது. நாத்தனார் ஊரிலிருந்து வந்தபோது தரையில் உட்கார்ந்து கையால் தடவி, "இதுக்குள்ள செவப்பா பொடிப்பொடியா மின்னுது பாருங்க அண்ணி" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான், மாதுளை முத்தை நுணுக்கிப் போட்டதுபோல் இருந்தது. அவள் இருந்த நாலு நாளும் தரை எனக்கு அழகாகத் தெரிந்தது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்று நம் பாட்டிகள் சொன்னதற்கு மனோதத்துவத்தில் ஹெடோனிக் அடாப்டேஷன் என்று பெயர். 1971-இல் பிரிக்மன், கேம்ப்பெல் என்ற இரண்டு பேர் இதை டிரெட்மில் ஓட்டத்தோடு ஒப்பிட்டு எழுதினார்கள். எவ்வளவு ஓடினாலும் நின்ற இடம்தான். பிறகு 1978-இல் பிரிக்மனும் வேறு இருவரும் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் லாட்டரி விழுந்த 22 பேரையும், விபத்தில் கைகால் செயலிழந்த 29 பேரையும், இரண்டும் நேராத 22 பேரையும் கேட்டார்கள். ஐந்துக்கு எவ்வளவு சந்தோஷம் என்ற கேள்விக்கு லாட்டரிக்காரர்கள் 4.00, சாதாரண ஆட்கள் 3.82, அடிபட்டவர்கள் 2.96. லாட்டரியால் கூடியது அவ்வளவுதான்.

அதைவிட என்னை உலுக்கியது இன்னொரு எண். காலைச் சாப்பாடு, சிநேகிதரோடு பேச்சு, ஒரு நல்ல ஜோக் கேட்பது மாதிரி அன்றாடச் சின்னச் சந்தோஷங்களுக்கு லாட்டரிக்காரர்கள் கொடுத்தது 3.33, சாதாரண ஆட்கள் 3.82. பெரிய சந்தோஷம் வந்து சின்னதையெல்லாம் மங்கலாக்கிவிட்டது. இந்த ஆய்வை வைத்து "கால் போனவனும் லாட்டரி விழுந்தவனும் கடைசியில் ஒன்றுதான்" என்று மேடையில் பேசுகிறார்கள். அது தவறு. 2.96-க்கும் 4.00-க்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. ஆட்களும் கொஞ்சம் பேர், முன்னால் எப்படி இருந்தார்கள் என்ற அளவும் இல்லை. 2006-இல் டீனர், லூகாஸ், ஸ்கோலன் மூவரும் சேர்ந்து இந்த டிரெட்மில் கணக்கைத் திருத்தினார்கள். எல்லோரும் எல்லாவற்றுக்கும் பழகிவிடுவதில்லை, வேலை போவதும் உடல் ஊனமும் நீண்ட காலம் தங்குகின்றன என்பது அவர்கள் காட்டியதில் முக்கியமானது.

எங்கள் வீட்டின் கதையும் அதுவே. நல்லதில் பெரும்பாலானவை பழகிவிட்டன. கெட்டதில் இரண்டு பழகவே இல்லை.

ஒன்று, லாரிச் சத்தம். மனை பார்க்க நாங்கள் வந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொரு மணிக்கு. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் வண்டியும், சேலத்திலிருந்து மேலே ஏறும் வண்டியும் கிருஷ்ணகிரியில்தான் ஒன்றுசேர்கின்றன, ராத்திரி முழுக்க ஓடும். ஓசூர் மேட்டில் இருக்கிற ஊர், இங்கிருந்து ஏற்றம். பாரம் ஏற்றிய வண்டி கியரைக் குறைக்கும்போது ஜன்னல் கம்பி அதிர்கிறது. "ஒரு மாசத்துல பழகிடும்மா, ரயிலடியில இருக்கறவங்க தூங்கலியா" என்று மேஸ்திரி சொன்னார். நாங்களும் நம்பினோம்.

அமெரிக்காவில் வைன்ஸ்டீன் என்பவர், புதிதாகத் திறந்த ஹைவேக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களை நாலு மாதத்திலும் பிறகு பதினாறு மாதத்திலும் கேட்டிருக்கிறார். 1982-இல் வெளியான ஆய்வு. எரிச்சல் குறையவில்லை. பழகிவிடும் என்ற நம்பிக்கைதான் குறைந்திருந்தது. இதைப் படித்த அன்றைக்கு எனக்கு ஓர் ஆறுதல். அதுவரை என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன்.

காரணத்தையும் வேறு இடத்தில் கண்டேன். 2008-இல் நெல்சன், மேவிஸ் என்ற இருவர் சிலருக்கு மசாஜ் கொடுத்தார்கள், சிலருக்கு வேக்குவம் கிளீனர் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். நடுவில் இடைவெளி விட்டால் மசாஜ் இன்னும் சுகமாக இருந்தது, சத்தம் இன்னும் கொடுமையாக இருந்தது. விட்டு விட்டு வருவது மனதைப் பழக விடுவதில்லை. லாரியும் விட்டு விட்டுத்தான் வருகிறது. மூன்று நிமிஷம் அமைதி, கண் சொருகும், அப்போது ஒரு ஏர் ஹாரன். ஃபேன் சத்தம் இதே அறையில் ராத்திரி முழுக்க ஓடுகிறது, அது எங்கள் யார் காதிலும் விழுவதில்லை.

இரண்டாவது, பயணம். ஐம்பது கிலோமீட்டர் போக, ஐம்பது வர. ராயக்கோட்டை மேம்பாலத்தில் காலை ஆறு ஐம்பதுக்குக் கம்பெனி பஸ். எங்கள் கணக்கு ஒரு மணி பத்து நிமிஷம். மேலுமலையில் ஒரு வண்டி மக்கர் செய்து நின்றால் இரண்டு மணி நேரம். சூளகிரியில் நெரிசல் என்றால் அது தனி. தினமும் ஒரே மாதிரி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தால் கூட உடம்பு பழகியிருக்கும் என்று தோன்றுகிறது. இன்றைக்கு எப்போது போய்ச் சேருவோம் என்று தெரியாததுதான் ஆளைத் தின்கிறது. ஜெர்மனிக் குடும்பங்களின் பல வருஷத் தகவலை வைத்து ஸ்டுட்சர், ஃப்ரே என்ற பொருளாதாரக்காரர்கள் 2008-இல் இதையே காட்டினார்கள். தூரப் பயணம் செய்கிறவர்களின் வாழ்க்கைத் திருப்தி குறைவாகவே இருக்கிறது, நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ அதை ஈடுகட்டுவதில்லை. நல்ல வீட்டுக்காக தூரத்தை ஏற்றுக்கொண்டவள் நான். வீடு ஆடிக்குள் பழகிவிட்டது, தூரம் ஆறு வருஷமாகத் தினமும் புதிதாக இருக்கிறது.

நாங்கள் பயந்த ஒன்று ஒன்றுமே செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். "ஓசூர்க் குளிரை விட்டுட்டு கிருஷ்ணகிரி வெயிலுக்கா போறீங்க" என்று ஆபீஸில் எல்லோரும் கேட்டார்கள். அதற்காகவே மூன்று ஏசி போட்டோம். முதல் சித்திரை கஷ்டமாக இருந்தது. இப்போது ஒரு ஏசிதான் ஓடுகிறது, அதுவும் அத்தை அறையில், அதுவும் மே மாதம் மட்டும்.

பழகாத நல்லதும் உண்டு. பின்பக்கம் ஆறடி இடம் மீதமிருந்தது. வண்டி நிறுத்த ஷெட் போடலாம் என்று அவர் சொன்னார். அத்தை கேட்கவில்லை, ஒரு செந்தூரா ஒட்டுக் கன்றைக் கொண்டுவந்து நட்டார். கன்று 150 ரூபாய். நாலாம் வருஷம் காய்த்தது. தையில் பூ, மாசியில் பிஞ்சு உதிர்ந்து அத்தை புலம்பல், பங்குனிக் காற்றில் இன்னும் கொஞ்சம் உதிரும், சித்திரையில் தோள் சிவக்கும், அணிலோடு சண்டை. முற்றிய முதல் காயை அத்தை அரிசிப் பானையில் இரண்டு நாள் வைத்து எடுத்து வெட்டும்போது, எப்போதும் ஃபோனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் மகள் தட்டோடு ஓடி வருகிறாள். ஆனிக்குள் எல்லாம் முடிந்துவிடும், பிறகு ஆறு மாதம் அந்த மரத்தில் இலைதான். குவாய்ட்பாக், டன் என்ற இருவர் 2013-இல் ஒரு வாரம் சாக்லேட்டையே தொடாமல் இருந்தவர்கள், திரும்பச் சாப்பிடும்போது மற்றவர்களைவிட அதிகம் ரசித்தார்கள் என்று காட்டினார்கள். எங்கள் மரம் அந்த இடைவெளியைத் தானே விட்டுவிடுகிறது.

மொட்டை மாடியும் அப்படித்தான். சையத் பாஷா மலை நேரே தெரியும். மலை அதே மலை, ஆனால் மழை வரும் சாயங்காலம் ஒரு நிறம், வெயிலில் ஒரு நிறம். இத்தனைக்கும் அந்த மாடிப் படிக்குக் கைப்பிடி வைக்கக் காசு போதாமல் கடைசியில் வெறும் இரும்புக் குழாய்தான் வைத்தோம்.

இப்போது செய்திருப்பது: படுக்கையறையை ரோட்டுப் பக்கத்திலிருந்து பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டோம், மாமரத்து ஜன்னல் அறைக்கு. முன்னறை ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டதில் சத்தம் பாதி குறைந்தது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை கேட்டு வாங்கியிருக்கிறேன். எலிவேஷன் காசை அன்றைக்கே இதில் போட்டிருக்கலாம்.

ஆபீஸில் என் பக்கத்து சீட்டுப் பெண் போன மாசி மாதம் சூளகிரிப் பக்கம் ஹைவே ஓரமாக ஒரு மனைக்கு அட்வான்ஸ் கொடுக்க இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி போய் அந்த இடத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு வா, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கிருந்து கம்பெனிக்கு ஒரு தடவை ஓட்டிப் பார் என்றேன். அவளும் அவள் கணவரும் போயிருக்கிறார்கள். பதினொன்று நாற்பதுக்கு எனக்கு ஃபோன். அவள் குரலுக்கு முன்னால் ஹாரன்தான் கேட்டது. "அக்கா, உங்களுக்குக் கேக்குதா?" என்றாள். கேட்டது. இப்போது ஓசூருக்குள்ளேயே பழைய வீடு ஒன்றைப் பேசி முடித்திருக்கிறார்கள். சின்ன வீடு, கிச்சனில் சிமென்ட் ஸ்லாப். கம்பெனிக்கு நடந்தே போய்விடலாம். ஆவணியில் பால் காய்ச்சுகிறார்கள், ஒட்டுக் கன்று ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.