இரண்டு வட்டி என்று சொல்லி ஆறு வட்டி வாங்கியவர்கள்

மியன்மாவின் மோன் மாநிலத்தில் தட்டோன், பிலின் ஆகிய ஊர்களுக்கு இடையில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் கிராமத்தில் தமிழ்க் குடும்பங்கள் நாற்பதுக்குக் குறையாமல் இருக்கின்றன. நெல்வயல், கொஞ்சம் ரப்பர்த் தோட்டம், சில்லறை வியாபாரம் என்பவைதாம் எங்கள் பிழைப்பு. நான் மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டுகிறேன். மூன்று ஏக்கர் நிலமும் இருக்கிறது. மழைக்காலம் தொடங்கும் நேரத்தில் வண்டியின் இயந்திரம் முழுவதுமாக நின்றுபோனதால், அதை மாற்றவும் நாற்று நடவுக் கூலி கொடுக்கவும் பத்து லட்சம் கியாட் கடன் வாங்கினேன். கைக்கு வந்தது எட்டு லட்சத்து அறுபதாயிரம். கட்டி முடித்தது பதினைந்து லட்சத்து இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல். இது எப்படி நடந்தது என்பதை எழுதி வைத்தால், அதே பேச்சோடு வேறு ஊருக்கு வருகிறவர்களை மற்றவர்களாவது அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

எங்களைப் போன்றவர்களுக்குக் கடன் கிடைக்கும் வழிகள் அதிகம் இல்லை. மியன்மா வேளாண்மை வளர்ச்சி வங்கி நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் கடன் தருகிறது. 2018ஆம் ஆண்டு வாக்கில் அது ஏக்கருக்கு ஒன்றரை லட்சம் கியாட், பத்து ஏக்கர் வரை, ஆண்டுக்கு எட்டு விழுக்காடு வட்டி என்றிருந்தது. வட்டி மலிவுதான், ஆனால் மூன்று ஏக்கர்க்காரனுக்குக் கிடைக்கும் தொகையைக் கொண்டு இயந்திரம் வாங்க முடியாது, அந்தக் கடன் வண்டிக்காக என்று கொடுக்கப்படுவதும் இல்லை. 2014இல் அரசு தொடங்கிய ‘மியா செய்ன் யாங்’ திட்டத்தில் கிராமத்துக்கு மூன்று கோடி கியாட் சுழல்நிதியாகக் கொடுத்து, ஊர்க் குழுவே கடன் வழங்கும்படி செய்தார்கள். எங்கள் ஊர் அதில் சேரவில்லை. மிச்சமிருப்பவை நகையை வைக்கும் அடகுக்கடையும், சந்தைப் பெண்கள் வாங்கும் நாள் தண்டலும்தான். லட்சம் வாங்கினால் நாளொன்றுக்கு நாலாயிரம் வீதம் முப்பது நாள் கட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துத் தண்டல் கணக்கு. பர்மியர்கள் அதை ‘நேபியந்தோ’ என்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் ‘கிராம சுயஉதவிக் கூட்டுநிதி’ என்ற பொருள்படும் பர்மியப் பெயர்ப்பலகையோடு அவர்கள் வந்தார்கள். சந்தைக்கு எதிரே ஒரு மாடி அறையில் அலுவலகம். அவர்கள் நேராக எங்களிடம் வரவில்லை. கோயில் திருவிழாவில் பொங்கல் பானைகளுக்குக் கணக்கு வைக்கும் அக்கா ஒருவரை முதலில் பிடித்தார்கள். அவர் மூலமாக வீடு வீடாகச் செய்தி வந்தது. “தம்பி, நம்ம ஆளுங்க அஞ்சு பேர் சேர்ந்தா போதும். ரெண்டு வட்டி. அடகு வைக்க நகை வேண்டாம். நாளைக்கே பணம்” என்றார். அக்கா என்னை ஏமாற்றவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டதையே எனக்குச் சொன்னார், அவரும் அதே குழுவில் கடன் வாங்கினார். ஆனால் எங்களுக்குச் சொல்லப்பட்ட எல்லாமே தமிழில், வாய்ப்பேச்சாக இருந்தன. எழுதப்பட்ட எல்லாமே பர்மிய மொழியில் இருந்தன. இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை. எனக்குப் பர்மிய மொழி வாசிக்கத் தெரியும் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பணம் கொடுத்த அன்று மேசையின்மேல் பத்து லட்சத்தை எண்ணி வைத்துவிட்டு, அதிலிருந்தே ஒரு லட்சத்தைச் சேமிப்பு என்றும், முப்பதாயிரத்தைச் சேவைக் கட்டணம் என்றும், பத்தாயிரத்தைக் காப்பீடு என்றும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சேமிப்பு கடன் முடிந்ததும் வட்டியோடு திரும்பி வரும் என்று அக்கா மொழிபெயர்த்தார். சேமிப்புக்குப் பர்மிய மொழியில் ‘சுங்வே’ என்று பெயர். எனக்குக் கொடுத்த ரசீதில் இருந்த சொல் ‘வின்ஜே’. அதாவது நுழைவுக் கட்டணம். நுழைவுக் கட்டணத்தை உலகில் யாரும் திருப்பித் தருவதில்லை. அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இயந்திரம் வாங்கப் புறப்பட்டுவிட்டேன். பல மாதம் கழித்து அதை விரித்துப் படித்தபோதுதான் அந்த ஒரு சொல்லுக்கு ஒரு லட்சம் கியாட் விலை கொடுத்திருக்கிறேன் என்பது புரிந்தது.

அடுத்தது வட்டிக் கணக்கு. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் இன்னமும் பாதிப் பேர் “ரெண்டு வட்டிதானே, பரவாயில்லையே” என்றுதான் சொல்கிறார்கள். நூற்றுக்கு இரண்டு என்றால், பத்து லட்சத்துக்கு மாதம் இருபதாயிரம். முதல் மாதம் அது சரி. ஆனால் மாதந்தோறும் அசலில் எண்பத்து மூவாயிரத்துச் சொச்சம் கழிகிறது. வட்டியோ பன்னிரண்டு மாதமும் முழுப் பத்து லட்சத்துக்கும் சேர்த்தே போடப்பட்டது. கடைசி மாதம் என்னிடம் இருக்கும் அசல் 83,333 கியாட். அதற்கும் இருபதாயிரம் வட்டி கட்ட வேண்டும். அது நூற்றுக்கு இருபத்து நான்கு வட்டி. இந்த முறையில் போடும் இரண்டு வட்டி, குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்றரை வட்டிக்குச் சமம். அதோடு முன்பிடித்தம் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தையும் சேர்த்து, எட்டு லட்சத்து அறுபதாயிரம் வாங்கி மாதம் 1,03,400 வீதம் பன்னிரண்டு மாதம் கட்டுகிறோம் என்று கணக்குப் போட்டால், மாத வட்டி ஆறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. தட்டோனில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் மைத்துனர் இதை இரண்டு முறை கணக்கிட்டுக் காட்டினார். முதல் முறை நான் நம்பவில்லை.

நாட்டின் சட்டம் இதற்கு இடம் தரவில்லை. 2011ஆம் ஆண்டின் நுண்கடன் சட்டப்படி, இப்படிக் கடன் கொடுக்கும் நிறுவனம் நிதிக் கண்காணிப்புத் துறையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அத்தகைய நிறுவனங்கள் வாங்கக்கூடிய வட்டிக்கு ஆண்டுக்கு முப்பது விழுக்காடு என்றிருந்த உச்சவரம்பு, 2019இல் இருபத்தெட்டாகக் குறைக்கப்பட்டது. மாதக் கணக்கில் அது இரண்டேகால் வட்டிக்குச் சற்று மேல். குறையும் அசலுக்கு அந்த வட்டியைப் போட்டால், பத்து லட்சத்துக்கு ஓராண்டில் மொத்த வட்டி ஏறக்குறைய ஒன்றரை லட்சம்தான் வரும். நான் கட்டச் சம்மதித்ததோ இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். அதன்மேல் முன்பிடித்தம் தனி. உரிமம் இருப்பதால் வேறொரு பயனும் உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா பரவியபோது, நுண்கடன் நிறுவனங்கள் தவணை வசூலை மே நடுப்பகுதி வரை நிறுத்த வேண்டும் என்று துறை உத்தரவிட்டது. தண்டல்காரர்களுக்கு அப்படி உத்தரவிட யாரும் இல்லை. அவர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்து வசூலித்தார்கள்.

தவணை வசூல் ஒரு மஞ்சள் அட்டையில் பதியப்பட்டது. பதிந்தது பென்சிலால். பேனா மழையில் கரைந்துவிடும் என்று வசூல்காரர் காரணம் சொன்னபோது, மோன் மாநிலத்து மழையைத் தெரிந்தவன் என்ற முறையில் அது எனக்கு நியாயமாகவே பட்டது. எட்டாவது தவணை கட்டிய பிறகு, அட்டை நைந்துவிட்டது என்று வாங்கிப்போய்ப் புது அட்டை கொடுத்தார். அதில் ஆறு தவணைதான் இருந்தது. பழைய அட்டையைக் கேட்டேன். கிழித்துப் போட்டாயிற்று என்றார்கள். வசூலுக்கு வந்த பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். அலுவலகத்தில் பேசும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் கைப்பேசியில் அட்டையைப் படம் பிடித்து வைத்திருந்தால் இந்த இரண்டு லட்சத்து ஆறாயிரத்து எண்ணூறு கியாட் எனக்கு மிஞ்சியிருக்கும். கைப்பேசி இல்லாமல் இல்லை. கோயில் தேரைப் படம் பிடித்து வைத்திருந்தேன்.

ஐந்து பேர் சேர்ந்த குழு என்பதன் பொருளும் ஐந்தாவது மாதத்தில்தான் தெரிந்தது. அக்காவின் மகன் வேலைக்காகத் தாய்லாந்துக்குப் போனான். எல்லை தாண்டச் செலவான பணம் அந்தக் கடன் பணம்தான். அவன் சம்பளம் அனுப்பும் வரை அக்காவால் தவணை கட்ட முடியவில்லை. மூன்று மாதம் அக்காவின் தவணையை மற்ற நான்கு பேரும் 25,850 வீதம் பகிர்ந்து கட்டினோம். கட்டாத நாளில் வசூல்காரர்கள் இருவர் காலையிலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்து, விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்க மாட்டார்கள். ஒரு சொல் திட்டியதில்லை. வயலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே போவார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. அக்கா அந்த ஆண்டு திருவிழாவில் பொங்கல் கணக்கு எழுத வரவில்லை. பிறகு மகனின் முதல் சம்பளத்திலிருந்து எனக்கு நாற்பதாயிரம் கொண்டுவந்து கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்றான ஏழாம் எண் படிவத்தின் மூலப்பிரதியை அவர்களிடம் கொடுத்ததுதான். நகை வேண்டாம் என்றவர்கள், நகல் எடுத்துவிட்டுத் தருகிறோம் என்று அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கினார்கள், திருப்பித் தரவில்லை. 2012ஆம் ஆண்டின் விவசாய நிலச் சட்டப்படி, அந்த உரிமையை அடகு வைப்பதானால் விவசாய முதலீட்டுக்காக, அரசு வங்கியிலோ அரசு அனுமதித்த வங்கியிலோதான் வைக்க முடியும். எனவே அந்தக் காகிதத்தைக் கொண்டு அவர்களால் என் நிலத்தை முறைப்படி எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் படிவம் கையில் இல்லாமல் நான் அடுத்த பருவத்துக்கு வேளாண்மை வங்கியில் கடன் கேட்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அதுவே போதும்.

எங்கள் தாத்தா காலத்திலும் இந்த மண்ணில் கடனால் நிலம் போயிருக்கிறது. 1930இல் நெல் விலை சரிந்த பிறகு, கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்களிடம் ஆறு விழுக்காடாக இருந்த நிலம், 1938க்குள் கால் பங்காக ஏறிவிட்டது. அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் ரங்கூன் முகல் தெருக் கோயிலில் அவர்கள் மாதந்தோறும் கூடி ‘நடப்பு வட்டி’ இவ்வளவு என்று நிர்ணயித்தார்கள் என்று படித்தபோது, தொண்ணூறு ஆண்டு கழித்து நான் வாங்கிய கடனின் வட்டியைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு ஆசிரியர் தேவைப்பட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஊர் நிர்வாகியிடம் முறையிட்டோம். அவர் எங்களோடு மாடி அறைக்கு வந்து, உரிமத்தைக் காட்டும்படி கேட்டார். தாங்கள் நுண்கடன் நிறுவனம் அல்ல, உறுப்பினர்கள் தமக்குள் உதவிக்கொள்ளும் சங்கம், ஆகவே உரிமம் தேவையில்லை என்று மேலாளர் மரியாதையாகச் சொன்னார். நாங்கள் கையெழுத்திட்ட தாளிலும் கடன் என்ற சொல்லே இல்லை, உதவித்தொகை என்றிருந்தது. “சயா, உதவித்தொகைக்கு எதற்கு வட்டி?” என்று என் மைத்துனர் கேட்டதற்கு அவர் சிரித்தாரே தவிரப் பதில் சொல்லவில்லை. துறைக்கு எழுதிப் போடலாம் என்றார் நிர்வாகி. எழுதினோம். பதில் வருவதற்குள் வேளாண்மை வங்கியில் விண்ணப்பிக்கும் நாள் நெருங்கிவிட்டதால், இல்லாமற்போன இரண்டு தவணைகளையும் மறுபடி கட்டிப் படிவத்தை மீட்டேன். சேமிப்பைக் கேட்டபோது ரசீதில் இருந்த ‘வின்ஜே’ என்ற சொல்லின்மேல் விரல் வைத்துக் காட்டினார்கள்.

இப்போது கடன் தேடுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, கையெழுத்திடும் முன் உரிம எண்ணைக் கேட்டு, நிதிக் கண்காணிப்புத் துறை வெளியிடும் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். பர்மிய மொழி நன்றாகத் தெரிந்த பிள்ளையை உடன் அழைத்துப் போய், தாள் முழுவதையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்; அதற்கு நேரம் கொடுக்க மாட்டோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வட்டி எத்தனை என்று கேட்பதைவிட, கைக்கு எவ்வளவு வரும், மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற இரண்டு தொகைகளை எழுதி வாங்குவது நல்லது. நிலப் படிவத்துக்கும் அடையாள அட்டைக்கும் நகல் மட்டும் போதும். பட்டியலில் உள்ள ஒரு நிறுவனத்தில் என் தங்கை பின்னர் ஐந்து லட்சம் வாங்கினாள். அங்கேயும் குழுப் பொறுப்பு உண்டு, வசூலிலும் கண்டிப்புதான், ஆனால் மாதந்தோறும் வட்டி குறைந்துகொண்டே வருவது அவளுடைய அட்டையில் அச்சிட்டே இருக்கிறது.

சந்தைக்கு எதிரே இருந்த அந்த மாடி அறை இப்போது பூட்டிக் கிடக்கிறது. பிலின் பக்கம் ஒரு கிராமத்தில் ரப்பர்த் தாள் ஏற்றப் போனபோது, வேறொரு பெயர்ப்பலகைக்குக் கீழே அதே மேலாளரைப் பார்த்தேன். டீக்கடையில் இருந்த தமிழ்ப் பெரியவர், புதிதாக ஒரு கூட்டுநிதி வந்திருக்கிறது, ரெண்டு வட்டிதானாம் என்று சொன்னார். அவர்கள் கொடுக்கும் அட்டை என்ன நிறம் என்று கேட்டேன். மஞ்சள் என்றார்.