எங்கள் ஒழுங்கைக்கு வரும் சூன் பாண் வண்டி

யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் ஒழுங்கை முனையில் மாலை நாலேகாலுக்கு ஓர் ஓட்டோ வந்து திரும்பும். அது திரும்புவதற்கு முன்பே அதன் பாட்டு வந்துவிடும். எதிர்வீட்டுப் பிள்ளைகள் படலையைத் திறந்துகொண்டு ஓடுவார்கள். நான் தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன். பாட்டுப் போட்டுக்கொண்டு பாண், அதாவது பிரெட், விற்கும் இப்படிப்பட்ட வண்டிகளுக்கு இலங்கை முழுவதும் சூன் பாண் என்று பெயர். ‘டியூன்’ என்ற ஆங்கிலச் சொல்தான் நம் நாக்கில் சூன் ஆகியிருக்கிறது. ஆறு ஆண்டுகளாக இந்த ஒரு வண்டியில்தான் பாண் வாங்குகிறேன்.

முதலில் பாணைச் சொல்கிறேன். வண்டிக்காரரை நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். தம்பி கொண்டுவரும் அச்சுப் பாண் விறகுப் போறணையில், அதாவது விறகு எரிக்கும் பாண் அடுப்பில், சுட்டது. மேற்புறம் நன்றாகச் சிவந்து, விரலால் தட்டினால் ஓசை தரும். உள்ளே வெள்ளை, ஆனால் பஞ்சுபோல் அமுங்கிப்போகாது, பிய்த்தால் நாராகப் பிரியும். இடிசம்பலோடு மூன்று துண்டு போதும், பசி அடங்கிவிடும். முதல்நாள் மீன் குழம்பில் தோய்த்தால் குழம்பை உறிஞ்சிக்கொண்டும் உருக்குலையாமல் நிற்கும். நல்ல பாணுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் அதுதான். பெரிய கடைகளில் உறையிலிட்டு விற்கும் துண்டுப் பாண் குழம்பைக் கண்டதும் கூழாகிவிடுகிறது. றோஸ்ட் பாண் தட்டையாக, மொறுமொறுப்பாக இருக்கும். அதை அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும். மறுநாள் தோல் போல இழுக்கும்.

கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டில் மாலுபாணும் கிம்புலா பணிஸும் இருக்கும். பணிஸ் என்றால் பன். மாலு என்றால் சிங்களத்தில் மீன். கிம்புலா என்றால் முதலை. பணிஸின் நீண்ட வாலைப் பார்த்தால் பெயர் பொருத்தம் என்று தெரியும். மேலே தூவிய சீனி ஈரமாகாமல் பற்களில் நறநறக்க வேண்டும். இவருடையது அப்படித்தான் இருக்கிறது. மாலுபாணில் மீனைவிட உருளைக்கிழங்கு கூடுதல் என்பது என் குறை, நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்தவள் நான். பாண் என்ற சொல்லைத் தொடாமல் இந்த வண்டியைப் பற்றி எழுத என்னால் முடியாது.

போர்த்துக்கேயர் 1505இல் இந்தத் தீவுக்கு வந்தார்கள். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினார்கள். 1658இல் ஒல்லாந்தர் அவர்களை வெளியேற்றிவிட்டார்கள். கோட்டை கைமாறியது, சொற்கள் எங்களிடமே தங்கிவிட்டன. குசினியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, துவாயால் கையைத் துடைத்துக்கொண்டு, போறணையில் சுட்ட பாண் சாப்பிடுகிறேன் என்றால், அந்த வாக்கியத்தில் ஐந்து சொற்கள் அவர்கள் விட்டுச்சென்றவை. எடையைச் சொல்லி ஒரு றாத்தல் பாண் என்கிறோமே, அந்த றாத்தலும் அவர்கள் கையால் வந்ததுதான். அவர்களுக்கு அது அரபியிலிருந்து கிடைத்தது.

இலத்தீனின் பானிஸ் போர்த்துக்கேய மொழியில் தேய்ந்து, ‘பாவ்’ என்பதை மூக்கால் சொல்வது போன்ற ஓர் ஒலியாக நின்றது. அதைக் கேட்ட கோவாவும் மும்பையும் உதட்டொலியைப் பிடித்துக்கொண்டு பாவ் என்றன. நாங்களும் சிங்களவரும் மூக்கொலியைப் பிடித்துக்கொண்டோம். என்னிடம் படித்த ஒருவன் இப்போது தோக்கியோவில் வேலை செய்கிறான். அங்கேயும் பாணுக்குப் பான் என்றுதான் பெயர், ரீச்சர், என்று வியந்து எழுதியிருந்தான். 1543இல் போர்த்துக்கேயர் ஜப்பானிலும் கரையேறினார்கள் என்று பதில் எழுதினேன். காசிக்கு யாத்திரை போன என் தமக்கைக்கோ பான் என்று கேட்ட இடத்திலெல்லாம் வெற்றிலையை மடித்துக் கொடுத்தார்கள். அது இலையைக் குறிக்கும் பர்ணம் என்ற வடசொல்லிலிருந்து வந்த பான். காதுக்கு ஒன்றுதான், வேர் வேறு.

ஆனால் எனக்கு நெருக்கமான பாண் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது. பழந்தமிழில் பாண் என்றால் பாட்டு. பாண் உடையவர்கள் பாணர்கள். சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை என்ற நூற்பெயர்களிலும் அந்தப் பாண் இருக்கிறது. எங்கள் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. யாழ் இசைத்த கண்ணிழந்த பாணன் ஒருவனுக்கு அரசன் பரிசாகக் கொடுத்த மணல் நிலம்தான் யாழ்ப்பாணம் ஆயிற்று என்ற கதையை இங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். ஐங்குறுநூற்றில் ஒரு பாண்மகள் வருகிறாள். அவள் வட்டி என்ற கூடையில் வரால் மீன் கொண்டுவருவாள். வீட்டுக்காரி அந்த வட்டியைப் பழைய வெண்ணெல்லால் நிரப்பிக் கொடுப்பாள். வாசலில் நடந்த வியாபாரம் அது.

ஒருமுறை பத்தாம் வகுப்பில் ஆற்றுப்படை நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, பாணர் என்றால் பாண் விற்பவரா என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிப்பை அடக்கி, அந்தப் பாண் வேறு, இந்தப் பாண் வேறு என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். எழுதியது சரிதான். இருந்தாலும், பாடிக்கொண்டே பாண் விற்கும் ஒருவர் பின்னாளில் என் படலைக்கே வருவார் என்று அன்று நினைத்திருந்தால், அந்தப் பையனை உட்கார வைத்திருக்க மாட்டேன். கடல் தாண்டி வந்த சொல் ஒன்று, இரண்டாயிரம் ஆண்டாகத் தமிழில் இருக்கும் சொல் ஒன்று. எழுத்தும் ஒலியும் அப்படியே ஒன்று. பொருளில் இவை சேரும் ஒரே இடமாக எனக்குத் தெரிந்தது இந்த ஓட்டோதான். தூய தமிழ் ஆர்வலர்கள் பாணை வெதுப்பி என்று சொல்லச் சொன்னார்கள். பேக்கரிக்கு வெதுப்பகம் என்ற சொல்லை நான் மனமார ஏற்றுக்கொண்டேன், அழகான சொல். பாணை மட்டும் விடமாட்டேன்.

இனிப் பாட்டு. அது பீத்தோவன் 1810இல் எழுதிய பியானோ இசை. எலீஸ் என்ற பெண்ணுக்காக என்று பெயர். வண்டியில் இருக்கும் சிறு மின்கருவிக்கு அதன் தொடக்கம் மட்டும்தான் தெரியும். திரும்பத் திரும்ப அதையே இசைக்கும். தவிலும் நாதஸ்வரமும் வளர்த்த இணுவிலில் பிறந்த காதுகளுக்கு அந்த மின்னொலி மெலிந்ததாகத்தான் படும். நான் வெறுக்கவில்லை. ஆனால் ஒலி மிகக் கூடுதல். எங்கள் ஒழுங்கையில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் தம்பியிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து வைரவர் கோயிலடியில் பாட்டை நிறுத்திவிட்டு, இரண்டு வீடு தள்ளித்தான் மறுபடி போடுகிறார். சொன்னதைக் கேட்டு நடந்துகொள்ளும் வியாபாரி.

எடை விஷயத்திலும் அப்படித்தான். ஒரு றாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும் என்பது இலங்கையில் விதி. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கிழமை முழுவதும் பாண் கையில் இலேசாகத் தெரிந்தது. வீட்டுத் தராசில் வைத்தேன்: 405. அடுத்த நாள் 410. தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். அவர் சண்டைக்கு வரவில்லை. வெதுப்பகத்தில் காட்டிக் கேட்கிறேன், ரீச்சர், என்றார். அதன் பிறகு 450க்குக் கீழே போனதில்லை. இப்போதும் மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்க்கிறேன், நீங்களும் பாருங்கள். விலை கடையைவிடப் பத்து ரூபாய் கூட. வெயிலில் சந்திக்கு நடந்து போய்வர முடியாத என்னைப் போன்றவர்களுக்கு அது நியாயமான கூலி.

2022இல் பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்போது ஓட்டோ ஓடவில்லை. தம்பி சைக்கிளின் பின்னால் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். மாவும் தட்டுப்பாடு, சில நாள் ஒரு வீட்டுக்கு அரை றாத்தல்தான். அந்த மாதங்களில் பாண் வந்தது, பாட்டு வரவில்லை. அவரே ஒழுங்கை முனையில் நின்று, பாண், பாண் என்று நீட்டிக் குரல் கொடுப்பார். முதல் நாள் அந்தக் குரலைக் கேட்டு நான் குசினியில் அப்படியே நின்றுவிட்டேன். கருவி இல்லாதபோது அந்தச் சொல்லே பாட்டாகிவிட்டது. பெட்ரோல் கிடைத்து ஓட்டோ திரும்பி வந்த நாளில் பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் மட்டும் அந்தக் குரலை இன்னும் தேடுகிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சூடான பாணைப் பொலித்தீன் பையில் வாங்காதீர்கள். வியர்த்து மேற்புறம் நமத்துவிடும். துணிப்பையும் பழைய பேப்பரும் கொண்டுபோங்கள். நாலேகாலுக்கு வருவது இரண்டாம் சூடு. அச்சுப் பாண் அதில்தான் நன்றாக இருக்கும். காலை ஆறரைக்கு வருவதில் றோஸ்ட் பாண் நல்லது. வெள்ளிக்கிழமைகளில் மாலுபாண் இருக்காது, வாங்குவாரும் இல்லை. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் பெட்டியின் மேல்தட்டைக் கழுவி, மீன் வாடையே இல்லாமல், மரக்கறி வைத்த பணிஸ் கொண்டுவருவார். அதில் உருளைக்கிழங்கோடு லீக்ஸும் மிளகும் போட்டிருக்கும். மாலுபாணைவிட அது எனக்குப் பிடிக்கும். ஆனால் திருவிழா முடிந்ததும் நிறுத்திவிடுகிறார். வருடம் முழுவதும் கொண்டுவரும்படி கேட்டிருக்கிறேன்; பத்து வீடு சேர்ந்து கேட்டால் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை ஏழு வீடு சேர்ந்திருக்கிறது.