என்ஜினில் ‘உய்ங்’ சத்தம்: காது வைத்துக் கேட்பதா, பெல்ட்டைக் கழற்றிப் பார்ப்பதா?

ஆக்சிலரேட்டரை மிதித்தால் சுருதி ஏறி, விட்டால் இறங்கும் இந்தச் சத்தத்துக்கு முதலில் பழி ஏற்பது, ஆல்டர்னேட்டர், பம்ப் போன்ற பாகங்களைச் சுற்றும் பெல்ட்தான். ஆனால் பெல்ட் வழுக்கினால் ‘கீச்’ என்றுதான் கத்தும். ‘உய்ங்’ என்று இழுத்தால் பேரிங்கையோ பம்பையோதான் சந்தேகிக்க வேண்டும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் 2000 ஆர்பிஎம் வரை ஏற்றிப் பாருங்கள். ஓடும்போது மட்டும் வருகிற சத்தம் என்றால் கியர்பாக்ஸ், வீல் பேரிங் பக்கம் போக வேண்டும். கீழே உள்ளவை அதற்கு உதவாது.

செலவே இல்லாத வழி, சுமை ஏற்றிப் பார்ப்பது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சத்தம் கூடினால் பவர் ஸ்டீயரிங் பம்ப். அந்த பம்பின் ஆயிலில் நுரை இருந்தால் காற்று உறிஞ்சுகிறது, பம்பை மாற்றுவதற்கு முன் ஆயில் அளவையும் ஹோஸ் கிளாம்பையும் பாருங்கள். கடைசி வரை திருப்பி 5 விநாடிக்கு மேல் பிடித்து வைக்கக் கூடாது. எலக்ட்ரிக் ஸ்டீயரிங்கில் இந்த பம்பே கிடையாது. ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டதும் சத்தம் மாறினால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பேட்டரியில் பாருங்கள், 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர், இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லிகளோ இந்தச் சோதனையில் பிடிபடுவதே இல்லை.

அவற்றுக்கு, நுனியில் கம்பி உள்ள மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்தான் சரி. நீள ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியில் காதை வைத்தும் கேட்கலாம். ஆனால் தலை பெல்ட்டுக்கு அருகே போய்விடும், ரேடியேட்டர் ஃபேன் எந்த நொடியும் சுழலத் தொடங்கும் என்பதால் அதை நாங்கள் சொல்ல மாட்டோம். நுனியைச் சுழலாத இடத்தில் மட்டும் வையுங்கள்: ஆல்டர்னேட்டர் உடல், பம்ப் உடல், டென்ஷனரின் நடு போல்ட். நல்ல பேரிங் சீராக ‘ஸ்ஸ்’ என்னும். கிரீஸ் காய்ந்தது மணலை அரைப்பதுபோலக் கேட்கும். ஒரே பிராக்கெட்டில் இரண்டு பாகங்கள் இருந்தால் ஒன்றின் சத்தம் மற்றதிலும் கேட்டு ஏமாற்றும். எங்கே கேட்கிறது என்பதைவிட, எங்கே அதிகம் கேட்கிறது என்று ஒப்பிட வேண்டும்.

சந்தேகத்தை இரண்டாக வெட்டுவது பெல்ட்டைக் கழற்றும் சோதனைதான். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பெல்ட் போகும் பாதையைப் படம் எடுத்துக்கொண்டு கழற்றி, 30 விநாடிக்கு மேல் போகாமல் என்ஜினை மட்டும் ஓட விடுங்கள். பல வண்டிகளில் வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அது நின்றால் என்ஜின் சூடாகும். பேட்டரி விளக்கு எரியும், பயப்பட வேண்டாம். சத்தம் நின்றால் அந்த பெல்ட் சுற்றும் பாகங்களில் ஒன்று. நிற்காவிட்டால் டைமிங் பெல்ட் (வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் வேறொரு பெல்ட்) பக்கம் அல்லது டர்போ. டைமிங் பெல்ட்டை மாற்றிய பிறகு தொடங்கிய சத்தம் என்றால், அளவுக்கு மீறி இறுக்கியிருக்கலாம். வாட்டர் பம்பை டைமிங் பெல்ட் சுற்றும் என்ஜின்களில் அந்த பம்பும் இன்னும் சந்தேகத்தில்தான்.

பிறகு என்ஜினை நிறுத்தி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றி, ஆட்டிப் பாருங்கள். சொரசொரப்பு, ஆட்டம் இருந்தால் முடிந்தது. கையில் வழுவழுப்பாகச் சுற்றினால் மட்டும் நல்லது என்று விட்டுவிடாதீர்கள்: பெல்ட்டின் இழுவை ஏறினால்தான் கத்துகிற பேரிங்குகள் உண்டு. அங்கே ஸ்டெதஸ்கோப் சொன்னதையே நம்புங்கள்.

ஆகவே சுமை, ஸ்டெதஸ்கோப், பெல்ட் என்ற வரிசை. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், விலை கூடிய பாகம் வாங்குவதற்கு முன் பெல்ட் சோதனை. திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு புல்லியிலும் பெல்ட்டின் வரிகள் எல்லாம் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒரு வரி வெளியே நின்றாலும் பெல்ட் கிழிந்துவிடும்.