260 வெள்ளி (ரிங்கிட்) ஜப்பான் சைக்கிள்: ஐந்து மாதம் ஓட்டியபின்

முதலில் சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். பின் பிரேக்கை அழுத்தினால் பன்றிக்குட்டி கத்துவதுபோல் ஒரு கீச்சல். நான் குடியிருப்புத் தாமான் முனையில் திரும்பும்போதே எங்கள் வரிசை முழுக்கத் தெரிந்துவிடும், டீச்சர் பாசாரிலிருந்து (சந்தையிலிருந்து) வந்தாச்சு என்று. இந்த மாதிரி ஜப்பான் சைக்கிள்களில் பின்னால் இருப்பது பேண்ட் பிரேக். டிரம்மைச் சுற்றி ஒரு பட்டை இறுகிப் பிடிக்கும். எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும், சைக்கிள்தான் நிற்காது. "கத்தினால் பிடிக்குதுன்னு அர்த்தம் அக்கா" என்று பாசார் மலாயில் சொல்லிச் சிரித்தார் சைக்கிள் கடை முதலாளி தௌக்கே.

கடை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ரயில் நிலையப் பக்கம் உள்ள ஒரு சந்தில். ஜப்பானில் ஓட்டிக் கழித்த சைக்கிள்கள் கண்டெய்னரில் வந்து இறங்கி, துடைத்து, காற்றடித்து வரிசையாக நிற்கும். என்னுடையதன் சட்டத்தில் ஜப்பானிய எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் இன்னும் ஒட்டியிருக்கிறது. அங்கே சைக்கிளையும் பதிந்தாக வேண்டும் என்பது சட்டம். யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையோ, என்னைப்போல் மீன் வாங்கப் போன அம்மாவோ ஓட்டியிருப்பார்கள். சுரண்டி எடுக்க மனம் வரவில்லை.

300 சொன்னார், 260க்கு இறங்கினார். 26 அங்குலச் சக்கரம், சட்டம் தாழ்வாக இருப்பதால் காலைத் தூக்கிப்போட்டு ஏற வேண்டியதில்லை. சங்கிலிக்கு முழு மூடி, அதனால் துப்பட்டா சிக்காது. முன்கூடையில் 5 கிலோ அரிசியும் ஒரு தேங்காயும் கீரைக்கட்டும் அடங்கும். இரட்டைக்கால் ஸ்டாண்டு போட்டால் கூடை நிறைந்திருந்தாலும் சாயாது. பின் சக்கரத்திலேயே வளையப் பூட்டு.

நான் இதை வாங்கியது கிளினிக் மிசியின் (தாதியின்) புண்ணியத்தில். 2023ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வு, நாட்டில் பெரியவர்கள் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது என்றது. எங்கள் வீட்டில் அந்த ஆறாவது ஆள் நான். "வாரத்துக்கு 150 நிமிஷம் உடம்பு அசையணும் டீச்சர், நடங்க" என்றார் மிசி. நடந்தேன். வீட்டிலிருந்து பாசார் 1.4 கிலோமீட்டர், இருபது நிமிடம். காலை ஏழு மணிக்குப் போவது சுகம்தான். பத்து மணி வெயிலில் இரண்டு கையிலும் பையோடு திரும்புவதுதான் பாடு. கடைவரிசை முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் நிழல் உண்டு, ஆனால் பாதி இடத்தில் அரிசி மூட்டை, மீதியில் மோட்டார். சாலையில் இறங்கினால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி முதுகை உரசிக்கொண்டு போகும். இரண்டு வாரத்தில் மறுபடியும் காடி (கார்) சாவியை எடுத்துவிட்டேன்.

சைக்கிளில் அதே தூரம் ஏழு நிமிடம். லோரி அதிலும் இருக்கிறதுதான். ஆனால் நான் பின்சந்து வழியாகப் போய்விடுகிறேன், காடிக்கு அந்த வழி சுற்று. பாசார், அஞ்சலகம், கோயில், கிளினிக் எல்லாமே வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் அடங்குகின்றன என்பது இத்தனை வருடம் மைவி காரில் போய்வந்த எனக்குத் தெரியவே இல்லை. எஞ்சின் சூடாகும் முன்னே போய்ச் சேர்ந்து, பிறகு பார்க்கிங் தேடி மூன்று சுற்று சுற்றுவேன். முதல் வாரம் பக்கத்து வீட்டுக்காரர் நிறுத்திக் கேட்டார், "என்னா டீச்சர், காடி ஒர்க்‌ஷாப்புக்குப் போயிருச்சா?"

அம்மாவின் கேள்வி வேறு. ஸ்டிக்கரைப் பார்த்தவுடனே, "ஜப்பான்காரன் சைக்கிளா?" என்றார். 1941 டிசம்பரில் ஜப்பான் படை இறங்கி, தீபகற்பம் நெடுக சைக்கிளிலேயே தெற்கே போனது. டயர் வெடித்தால் வெறும் ரிம்மில் ஓட்டினார்கள். ஊர்ச் சனங்களின் சைக்கிள்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர் அம்மா. "அன்னிக்கு நம்மகிட்ட பிடுங்கிட்டுப் போனான், இன்னிக்கு நீ காசு குடுத்துத் திரும்ப வாங்கிட்டு வர்றே" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் காற்றடிக்கப் போய்விட்டேன்.

டயர் விஷயத்தில்தான் ஏமாந்தேன். அப்பா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். கேரியரின் இரண்டு பக்கமும் பால் வாளி தொங்க ஸ்டோருக்கு மிதித்துப் போவார். ஓய்வுநாளில் அந்தச் சைக்கிளின் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டுத்தான் நான் ஓட்டக் கற்றேன். பக்கத்தூர் கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. அது நட்டு பதினொரு வருடம் கழித்து, 1888இல்தான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். இப்படி ரப்பரோடு பிறந்து வளர்ந்தவள், டயரின் பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள் இருந்ததைக் கவனிக்கவில்லை. பாலிஷ் போட்டுக் கன்னங்கரேலென்று வைத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் தமிழ்ப் பள்ளிக்கு முன்னால் பட்டென்று வெடித்தது. என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்க, ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். டயரும் டியூபும் 45 வெள்ளி என்றார் தௌக்கே. விற்கும்போதே கிழடு என்று சண்டை போட்டபின் பாதி வாங்கிக்கொண்டார். வாங்கப் போகிறவர்கள் பளபளப்பைப் பார்க்காதீர்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்தி, ஓரத்தை விரித்துப் பாருங்கள்.

காற்று வால்வும் வேறு ரகம். பெட்ரோல் நிலையத்துக் குழாய் இதில் பொருந்தாது. கடையில் ஐந்து வெள்ளிக்கு ஒரு சின்ன இணைப்பான் இருக்கிறது, கேட்டால்தான் எடுத்துத் தருவார். டைனமோ விளக்கு சக்கரம் சுற்றினால்தான் எரியும். சந்தியில் நின்றால் இருட்டு. அதனால் பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு ஒன்று தனியாக வாங்கினேன். அப்படியும் இரவில் பெரிய சாலைக்குப் போவதில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் மேற்கே கறுத்தாலும் வீட்டிலேயே இருந்துவிடுவேன்.

பெட்ரோல் மிச்சம் ஆகுமா என்று மகன் கேட்டான். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து மைகாட் (அடையாள அட்டை) காட்டினால் லிட்டர் 1 வெள்ளி 99 காசு, இதில் என்ன பெரிய மிச்சம்? அதற்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். எனக்கு முழங்கால் வலிக்கவில்லை, இரவில் தூக்கம் வருகிறது, மிசி இப்போது திட்டுவதில்லை.

பூட்டிவிட்டுப் போக இடம்தான் இல்லை. வளையப் பூட்டு போட்டாலும் அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம் அல்லவா. பாசார் வாசலில் நாலு இரும்புக் கம்பி நட யாருக்கும் தோன்றவில்லை. விளக்குக் கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டுகிறேன், மீன் கடைத் தம்பி ஒரு கண் வைத்துக்கொள்கிறான்.

ஞாயிறு மதியம் ஒரு மணியோடு கடையைச் சாத்திவிடுவார், காலையிலேயே போங்கள். இடது ஓரத்தில் நிற்கும் சின்னச் சிவப்புச் சைக்கிளை மட்டும் விட்டுவையுங்கள், பேத்திக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். டயர் பார்த்தாயிற்று.