பாயிண்ட் பயிற்சிக்குக் கணுக்காலை வலுப்படுத்துதல்: எலாஸ்டிக் பட்டையா, குதிகால் உயர்த்தலா?

விரல் நுனியில் நின்று ஆடும் பாயிண்ட் பயிற்சிக்குத் தயாராகும் பாலே மாணவர்கள், கணுக்காலை வலுப்படுத்தப் பெரும்பாலும் இரண்டு வழிகளை நாடுகிறார்கள். ஒன்று, தரையில் அமர்ந்து பாதத்தில் எலாஸ்டிக் பட்டையை மாட்டி அதற்கு எதிராகப் பாதத்தை நீட்டுவது. மற்றொன்று, ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது. இரண்டும் ஒரே பலனைத் தரும் என்று எண்ணி, எளிதான பட்டையோடு நிறுத்திக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டைக்கு உரிய சிறப்பு அதைத் திசை மாற்றிப் பயன்படுத்த முடியும் என்பதே. பாதத்தை முழுமையாக நீட்டும்போது, கணுக்கால் எலும்பின் குறுகலான பின்பகுதியே மூட்டுக் குழிக்குள் அமர்கிறது. அதனால் எலும்புகளின் பிடிப்பு குறைந்து, மூட்டைக் காக்கும் பொறுப்பு தசைகளின் மேல் விழுகிறது. பாதம் உட்புறமாகச் சரிந்து சுளுக்காமல் தடுப்பவை, காலின் வெளிப்புறமாக இறங்கும் பெரோனியல் தசைகள். பட்டையை உட்புறமிருந்து இழுக்கும்படி கட்டி, பாதத்தை வெளிப்புறமாகத் திருப்பினால், இந்தத் தசைகளைத் தனியாகப் பயிற்றலாம். உடல் எடை காலில் இறங்காததால், சுளுக்கிலிருந்து மீண்டு வருபவர்களுக்கும் இது ஏற்றது.

ஆனால் பட்டையை எப்படி இழுக்கிறோம் என்பதில் கவனம் தேவை. விரல்கள் பறவையின் கால்நகம்போல் உள்மடங்கினால், கெண்டைக்காலிலிருந்து இறங்கும் நீளமான தசைகளே வேலையைச் செய்கின்றன. உள்ளங்காலின் சிறு தசைகள் சும்மா இருந்துவிடுகின்றன. முதலில் கணுக்கால், பிறகு முன்பாதம், கடைசியாக நீண்ட விரல்கள் என்ற வரிசையில் நீட்டி, அதே வரிசையைத் தலைகீழாக்கி மெதுவாகத் திரும்ப வேண்டும். துண்டை விரல்களால் சுருட்டும் பயிற்சியைவிட, விரல்களை மடக்காமல் உள்ளங்கால் வளைவை மட்டும் உயர்த்திப் பிடிப்பது மேலானது என்று நான் கருதுவதும் இதனாலேயே.

இருந்தும், ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டுமானால் நான் குதிகால் உயர்த்தலையே சொல்வேன். பாயிண்ட் காலணியில் முழு உடல் எடையும் ஒரே காலில் நிற்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமைக்கு எந்தப் பட்டையின் இழுவிசையும் ஈடாகாது. முழங்காலை நேராக வைத்துச் செய்தால் கெண்டைக்காலின் மேல்தசையும், சற்று மடக்கிச் செய்தால் அதன் அடியிலுள்ள சோலியஸ் தசையும் கூடுதலாக உழைக்கின்றன. எடை பெருவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் நடுவே நிற்க வேண்டும். சிறுவிரல் பக்கம் சாய்ந்தால் அந்தச் சுற்றை நிறுத்திவிடுவதே நல்லது. எண்ணிக்கையில் ஏமாந்துவிடக் கூடாது: பன்னிரண்டாவது முறையில் குதிகாலின் உயரம் குறையத் தொடங்கினால், 20 வரை எண்ணியிருந்தாலும் கணக்கு 11 தான். ஏறுவதைவிட இறங்குவதற்கு அதிக நேரம் கொடுப்பது, பாயிண்ட் நிலையிலிருந்து கட்டுப்பாட்டோடு இறங்கவும் பழக்குகிறது.

வகுப்புக்கு முன் உடலைச் சூடேற்றுவதிலும் இதுபோன்ற தேர்வு உண்டு. பாதத்தின் மேல் அமர்ந்து நீண்ட நேரம் அசையாமல் நீட்டுவது பலருக்குப் பழக்கம். ஒரு தசையை 60 நொடிக்கு மேல் அப்படி இழுத்துப் பிடித்தால் அதன் விசை தற்காலிகமாகக் குறைகிறது, பாயிண்டில் ஏறப்போகும் நேரத்தில் அது வேண்டாத இழப்பு. விறுவிறுப்பான நடை, கணுக்கால் அசைவுகள், கம்பியைப் பிடித்தபடி முழங்காலை மடக்கி இறங்கும் பிளியே, இரு கால்களில் மெதுவாகக் குதிகாலை உயர்த்தும் ரெலெவே என்று அசைவோடு தொடங்கி, நீட்டிப் பிடிப்பதை வகுப்பின் முடிவுக்கு ஒதுக்கலாம்.

பாதத்தை வளைக்கும் மரக் கருவிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை வலுவைக் கூட்டாமல், நடுப்பாதத்தின் இணைப்பு நார்களை அழுத்தி இழுக்கின்றன. கணுக்காலின் பின்புறம் எலும்பு நெரிபடும் வலி ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அதை மோசமாக்கவும் கூடும். அப்படிப்பட்ட வலி பாதத்தை நீட்டும் ஒவ்வொரு முறையும் வந்தால், பட்டை, குதிகால் உயர்த்தல் இரண்டையும் நிறுத்திவிட்டு, நடனக் கலைஞர்களைக் கவனித்துப் பழகிய இயன்முறை மருத்துவரிடம் முதலில் காட்ட வேண்டும்.