கோதுமை–ரை கலப்பின ஸ்லைடு பெட்டி: எண்ணிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

தாவரவியல் செய்முறை வகுப்புக்காக வாங்கிய பெட்டி இது. மொத்தம் ஒன்பது ஸ்லைடுகள். ரொட்டிக் கோதுமை, ரை என்ற தானியம், இவை இரண்டையும் கலந்து கிடைத்த முதல் தலைமுறைச் செடி, டிரிட்டிகேல் (கோதுமை–ரை கலப்பினத்தின் குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிக் கிடைக்கும் பயிர்) என்று நான்குக்கும் வேர் நுனி ஒன்று, மகரந்தப்பை ஒன்று. டியூரம் கோதுமைக்கு மட்டும் வேர் நுனியோடு நிறுத்திவிட்டார்கள். அதுதான் என் பெரிய குறை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

ரை ஸ்லைடைத் தயாரித்தவர் கை தேர்ந்தவர். 14 குரோமோசோம்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரிந்து கிடக்கின்றன. ரொட்டிக் கோதுமையில் 42. நெருக்கமாக இருப்பதால் மூன்று முறை எண்ணித்தான் உறுதி செய்தேன். சாயம் நன்றாகவே பிடித்திருக்கிறது.

பெட்டியின் உயிரே கலப்பினச் செடியின் ஸ்லைடுகள்தான். கோதுமையிடமிருந்து 21, ரையிடமிருந்து 7, ஆக 28. பக்கத்து நுண்ணோக்கியில் டியூரம் வேர் நுனி; அதிலும் 28. இரண்டையும் எண்ணி முடித்த ஒரு மாணவி, "மேடம், ரெண்டுலயும் 28தானே இருக்கு? டியூரம் மட்டும் எப்படி விதை பிடிக்குது?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி எழவேண்டும் என்றுதான் பெட்டியையே வாங்கினேன்.

பதில் மகரந்தப்பையில் இருக்கிறது. டியூரத்தின் 28 என்பது 14 ஜோடி. கலப்பினத்தின் 28-இல் எதற்கும் சொந்த ஜோடி கிடையாது. கோதுமையின் குரோமோசோம்கள் ஏ, பி, டி என்ற மூன்று தொகுதிகளாக இருக்கும்; அவை ஒன்றுக்கொன்று பங்காளிகள்தான். ஆனாலும் பி தொகுதியின் 5பி குரோமோசோமில் உள்ள பிஎச்1 என்ற மரபணு அவற்றைச் சேரவிடுவதில்லை. ஸ்லைடில் அது அப்படியே தெரிகிறது: மகரந்தம் உருவாகக் குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் குன்றல் பிரிவின்போது நடுக்கோட்டில் வரிசைகட்ட வேண்டியவை செல் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அடுத்த கட்டச் செல்களில், எந்தப் பக்கமும் போய்ச்சேராமல் தங்கிவிட்டவை குட்டிக் கருக்களாக நிற்கின்றன. அந்த மகரந்தத்தால் பயனில்லை. 1875-இல் ஸ்காட்லாந்தில் வில்சன் உருவாக்கிய கோதுமை–ரை செடிகள் மலடாக நின்றதற்குக் காரணம் இந்த ஒரு பார்வையில் புரிந்துவிடுகிறது. டியூரத்தின் மகரந்தப்பையும் இருந்திருந்தால் 14 ஜோடிகளை அருகிலேயே காட்டியிருப்பேன். கரும்பலகையில் வரைந்துதான் சமாளித்தேன்.

அடுத்தது ஒரு பிழை. டிரிட்டிகேல் லேபிளில் 56 என்று போட்டிருக்கிறது. நான் எண்ணிய மூன்று செல்களிலும் 42. லேபிள் மாறி, ரொட்டிக் கோதுமையே வந்துவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டேன். இல்லை, 14 குரோமோசோம்கள் மற்றவற்றைவிடப் பெரியவை. ரையின் குரோமோசோம்கள் அப்படித்தான் இருக்கும். ஆக இது டியூரத்தையும் ரையையும் கலந்து, கிடைத்த 21-ஐ இரட்டிப்பாக்கிய செடி. 56 என்பது ரொட்டிக் கோதுமை வழி வந்த டிரிட்டிகேலின் எண். 1888-இல் ஜெர்மனியில் ரிம்பாவ் கண்டெடுத்த, விதை தந்த கலப்பினம் அந்த வகை. அங்கே இரட்டிப்பு தானாக நடந்தது. 1937-க்குப் பிறகு, குரோமோசோம்களை இரட்டிப்பாக்க உதவும் கொல்சிசின் என்ற வேதிப்பொருள் வந்ததால் அதை விரும்பியபோது செய்ய முடிந்தது. விற்றவர்களுக்கு எழுதினேன்; லேபிளைத் திருத்திக்கொள்ளச் சொன்னார்கள். எண்ணாமல் லேபிளை நம்பும் வகுப்புகளை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

அதே டிரிட்டிகேலின் மகரந்தப்பையில் பெரும்பாலும் 21 ஜோடிகள். சில செல்களில் இரண்டு குரோமோசோம்கள் மட்டும் ஜோடி சேராமல் ஒதுங்கி நிற்கின்றன. இது தயாரிப்புக் குறையில்லை, டிரிட்டிகேலின் இயல்பு. 41 குரோமோசோமோடு செடிகள் வருவதும் இதனால்தான். கூடவந்த விளக்கத்தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாணவர்கள் தாங்கள்தான் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்தார்கள்.

பண்புகளைப் பற்றித் தாளில் அரைப் பக்கம் இருக்கிறது. கதிருக்குக் கீழே தண்டில் மயிர் இருக்கும் படம் அருமை. ரையின் 5ஆர் குரோமோசோம் தரும் அடையாளம் அது, கலப்பு உண்மையா என்று வயலிலேயே சொல்லிவிடும். குளிரையும் அமில மண்ணையும் தாங்கும் குணம் ரையிடமிருந்து வருகிறது என்பதும் சரியே. தொடக்ககால டிரிட்டிகேல்களின் மணி சுருங்கிப்போனதையும் சேர்த்திருக்க வேண்டும்.

ரை, கலப்பினம் இரண்டுக்காகவும் தாராளமாக வாங்கலாம். டியூரம் மகரந்தப்பை ஸ்லைடைத் தனியாகத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறேன். வந்தால் கலப்பினத்துக்குப் பக்கத்து நுண்ணோக்கி அதற்குத்தான்.