ஒன்பது பங்குனி பார்த்த கொல்லை: வச்ச செடிகளோடு என் அனுபவம்

மாசி பிறந்து பத்து நாள் ஆகிறது. நேற்றுப் பாத்திரம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது கிணற்றடி மல்லியில் மொட்டு கண்ணில் பட்டது. கொழுந்து நுனியில் மூன்று, அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிசு, இன்னும் பச்சை நிறம். இந்தக் கொல்லையில் செடி வைத்து ஒன்பது பங்குனி பார்த்தாயிற்று, பத்தாவது வரப்போகிறது. இத்தனை வருஷத்தில் எது நின்றது, எது போனது, எதற்குக் கொடுத்த காசு தண்டம் என்று ஒருமுறை எழுதிவிடலாமென்று உட்கார்ந்தேன்.

வெண்டை, கத்தரி, அவரை பற்றியெல்லாம் இதில் இல்லை. ஒருமுறை ஊன்றினால் வருஷக்கணக்கில் நிற்கிறவை மட்டும்தான். பாடப் புத்தகத்தில் பல்லாண்டுத் தாவரம் என்று போட்டிருக்கும். பக்கத்து வீட்டு அத்தைக்கு அது ‘வச்ச செடி’. விதை போட்டுப் பறித்து முடிகிறதெல்லாம் ‘போட்ட செடி’. அத்தைக்கு வயது எழுபதுக்கு மேல். கீழே எழுதியிருப்பதில் பாதி, அவரிடம் வாங்கிய திட்டுதான்.

எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டி ஆறு கூப்பிடு தூரம். 2016 தை மாதம் குடிவந்தபோது கொல்லையில் ஒரு வேப்பமரமும் சரிந்த மாட்டுக்கொட்டகையும் இருந்தன. மண் வண்டல்தான், ஆனால் களி அதிகம். ஐப்பசி கார்த்திகையில் காலை வைத்தால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பங்குனியில் அதே இடம் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். அதனால் மாசி வரும்போது ஆற்றில் மணல்தான் தெரியும். வயலில் சம்பா அறுவடை முடிந்து, நெல் நிற்கும்போதே தெளித்த உளுந்தும் பயறும் மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் வைத்துக்கொண்டு வளர்ந்துகொண்டிருக்கும். ஊரில் தண்ணீர் குறைகிற இந்த நேரம் பார்த்துத்தான் கொல்லையில் வச்ச செடிகளெல்லாம் துளிர்க்கவும் பூக்கவும் தொடங்குகின்றன. இது எனக்குப் புரிய நாலைந்து வருஷம் ஆனது. அதுவரை நான் செய்த தப்பெல்லாம் ஒரே தப்புதான்: தண்ணீரை ஊற்று ஊற்றென்று ஊற்றியது.

முதலில் குண்டுமல்லி. 2016 ஆடியில் அத்தை வீட்டிலிருந்து வந்த பதியம், நாலு செடி. செலவு ஒன்றுமில்லை. முதல் மூன்று வருஷம் செடி ஆள் உயரத்துக்குப் போனது, இலை தளதளவென்று இருந்தது, பூ மட்டும் எண்ணிப் பத்து. செடி நன்றாகத்தானே இருக்கிறது என்று நான் தினமும் இரண்டு குடம் ஊற்றிக்கொண்டிருந்தேன். நாலாவது வருஷம் மார்கழி முதல் வாரத்தில், நான் பாபநாசம் போய்த் திரும்புவதற்குள் அத்தை அரிவாளோடு வந்து நாலையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டுப் போயிருந்தார். மிச்சமிருந்த இலையையும் உருவியாயிற்று. பார்க்க நாலு விளக்குமாற்றைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருந்தது.

“என்ன அத்தை, இப்படி மொட்டையடிச்சிட்டீங்க?”

“நீ இலைக்கா மல்லி வச்ச? மாசி வரட்டும், அப்புறம் பேசு. அதுவரைக்கும் தண்ணிய கொற.”

மாசியில் வெட்டிய ஒவ்வொரு குச்சியிலும் கணுவுக்கு இரண்டாகத் துளிர் வந்தது. துளிரின் நுனியில் மும்மூன்று மொட்டு. இதை உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? மூன்றில் நடுவில் இருப்பது முதலில் பருக்கும், அதுதான் முதலில் விரியும். பக்கத்து இரண்டும் முறை வருகிறவரை அதன் கழுத்தடியில் சின்னதாக நிற்கும். நடுமொட்டைப் பறிக்கும்போது அவசரப்பட்டுக் காம்போடு கிள்ளினால் மற்ற இரண்டும் கையோடு வந்துவிடும். என் மகள் பழகுவதற்குள் பாதி மொட்டு அப்படித்தான் போனது. பங்குனி நடுவிலிருந்து சித்திரை முடிய நாலு செடியில் தினம் இரண்டு முழம் வரும். சாயங்காலம் நாலு மணிக்குப் பறித்துவிடவேண்டும். ஆறு மணி ஆனால் விரிந்துவிடும், கட்ட வராது.

இப்படி வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. அதற்கு நாள் கணக்கு உண்டு. குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம், பிச்சிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. எங்கள் பக்கம் நவம்பர் கடைசியில் வானம் கொட்டிக்கொண்டிருக்கும், கொல்லையில் இறங்கவே முடியாது. அதனால் மழை ஓய்ந்த பிறகு மார்கழி பிறந்ததும் வெட்டுகிறேன். பதினைந்து நாள் தள்ளிப் போவதால் பூ ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். போர்வெல் தண்ணீருக்கு மாறிய வருஷம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. அது இரும்புச்சத்துக் குறை. உரக்கடையில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கி லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இரண்டு முறை தெளித்ததில் தேறியது. அப்புறம் மொட்டுப்புழு. மொட்டில் குண்டூசி ஓட்டை, உள்ளே புழு. ஓட்டை விழுந்த மொட்டை அன்றன்றைக்குக் கிள்ளி எரித்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு அடிக்கிறேன். முழுசாகப் போகாது, ஆனால் அடங்கும். களிமண்ணில் வைக்கிறவர்கள் ஒரு முழம் மேடு கட்டி அதில் வைக்கவும். தரையோடு வைத்த என் ஐந்தாவது செடி முதல் ஐப்பசியையே தாண்டவில்லை.

பவழமல்லி கதை வேறு. வைத்த இரண்டாம் வருஷம் மாசியில் இலையெல்லாம் கொட்டி, கிளை சுள்ளி மாதிரி ஆகிவிட்டது. செத்துப்போச்சு, வெட்டிவிடலாம் என்று வீட்டுக்காரர் கோடாரியை எடுத்துவிட்டார். அந்த வழியாக வந்த அத்தை ஒன்றும் சொல்லாமல் கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கொஞ்சம் சுரண்டினார். சாம்பல் நிறத் தோலுக்கு அடியில் பச்சைப்பசேலென்று ஈரம். “தூங்குது. எழுப்பாதீங்க” என்றார், அவ்வளவுதான். கோடை மழை ஒன்று விழுந்ததும் அதே சுள்ளியில் சொரசொரப்பான குருத்திலை வந்தது. ஆவணியிலிருந்து விடியற்காலைகளில் வாசலே வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கிடக்கிறது. அன்றிலிருந்து எந்தச் செடி காய்ந்து நின்றாலும் முதலில் நகத்தைத்தான் போட்டுப் பார்க்கிறேன். பழுப்பாக, உலர்ந்து பொடிந்தால்தான் வெட்டு.

முருங்கை பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது, எல்லாம் நல்லதில்லை. எங்களுடையது போத்து, அதாவது வெட்டிய கிளைத்துண்டு, ஊன்றிய மரமுருங்கை. விதை போட்டு வளர்க்கும் செடிமுருங்கையும் ஒருமுறை முயன்றேன். பெரியகுளத்திலிருந்து 1989இல் வந்த பி.கே.எம். 1 ரகம். ஆறு ஏழு மாதத்தில் காய்த்துவிடும், வேகம் என்றால் அதுதான். ஆனால் அதை அடிக்கடி வெட்டிவிட்டு, உரம் போட்டு, சில வருஷத்தில் புதிதாகவும் வைக்கவேண்டும். வீட்டுக்கு என்றால் என் ஓட்டு போத்துக்குத்தான். மாசியில் மரம் முழுக்கப் பூ. ஆசைப்பட்டு அந்த நேரம் வேரில் தண்ணீர் விட்டால் பூ பொலபொலவென்று உதிரும். இரண்டு வருஷம் உதிர்த்திருக்கிறேன். இப்போது பிஞ்சு கண்ணுக்குத் தெரிகிறவரை ஒரு சொட்டுக் கிடையாது.

மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வரும். பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும், அப்போது ஒரு துணிப்பந்தத்தைக் கொளுத்திக் காட்டினால் தீர்ந்தது. கவனிக்காமல் விட்ட வருஷம் மகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. வாசல், கிணறு, துணி காயப்போடும் இடம் எதற்கும் பக்கத்தில் முருங்கை வேண்டாம். கிளையும் லேசில் ஒடியும். முருங்கையை ஒடித்து வளர்க்கவேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்கவேண்டும் என்பார்கள். முன்பாதியை மட்டும் நான் ஏற்றுக்கொள்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்ததில் எங்களுக்குக் கிளைகளோடு போயிற்று. பட்டுக்கோட்டையில் நாத்தனார் வீட்டில் தென்னையெல்லாம் சாய்ந்து, முருங்கையும் வேரோடு போய்விட்டது. தையில் வந்தவள், “அண்ணி, ஒரு போத்து குடுங்க, வேற ஒண்ணும் வேணாம்” என்று ஒடிந்து கிடந்த கிளையில் கை கனம் உள்ளதாகப் பார்த்து ஒன்றை வெட்டி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனாள். அது பிழைத்தது. இப்போது அங்கிருந்து காய் வருகிறது, எங்கள் காயைவிடச் சதைப்பற்று என்று அவள் சொல்கிறாள். இருக்கட்டும்.

வெற்றிலையில் இரண்டு முறை தோற்றேன். ராஜகிரி, பண்டாரவாடை பக்கமெல்லாம் கொடிக்கால் இருக்கிற ஊரில் வீட்டில் ஒரு கொடி வராதா என்ற வீம்புதான். முதல் கொடியைத் தரையோடு வைத்து மழையில் தண்டு அழுகியது. இரண்டாவதை மேட்டில் வைத்தேன், நிழல் இல்லாமல் பங்குனி வெயிலில் கருகியது. அப்புறம்தான் கொடிக்காலில் வேலை பார்த்த ஒருவர், முதலில் அகத்தியை வளர்த்துவிட்டு அதன் காலடியில் கொடியை வைக்கச் சொன்னார். அகத்தி இலை சின்னது, நிழலும் தரும், வெளிச்சத்தையும் விடும். கணுவுக்குக் கணு வாழைநாரால் தளர்வாகக் கட்டவேண்டும், இறுக்கினால் கொடி கோபித்துக்கொள்ளும். இந்த ஒன்றுக்கு மட்டும் ஈரம் காயவே கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. கழுவிய அரிசித் தண்ணீர் முழுக்க இதற்குத்தான். ஆறு வருஷமாக நிற்கிறது. மாசிக் கொழுந்து இளம்பச்சையில், காரம் குறைவாக, வாயில் போட்டால் கரைகிற மாதிரி இருக்கும். காரடையான் நோன்புக்கு வெற்றிலை வாங்குவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. 2025இல் கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த அன்று வீட்டுக்காரர் எங்கள் கொடியைக் காட்டி, “இதுக்கும் சேர்த்தா?” என்றார்.

இனி காசைத் தின்றவை. கனகாம்பரம் பேருக்குத்தான் பல்லாண்டு. இரண்டாம் வருஷம் வாடியது, பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக, நூற்புழு. இடம் மாற்றி வைத்தும் அதே கதி. இப்போது அதைப் போட்ட செடியாகவே வைத்துக்கொண்டிருக்கிறேன். ரோஜாவுக்கு ஒரு நாற்றங்காலில் நல்ல விலை கொடுத்தேன். ஒட்டுக்கட்டிய இடத்துக்குக் கீழே அடிச்செடியிலிருந்து கிளம்பிய கிளையை நல்ல துளிர் என்று நம்பி வளர்த்தேன். மேலே இருந்த ரோஜா செத்து, கீழே இருந்தது மட்டும் முள்ளோடு புதராக நின்றது. தப்பு என்னுடையதும்தான், ஆனால் விற்கிறவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கலர் கலராக வாங்கிய செம்பருத்திகளும் மாவுப்பூச்சிக்குப் போயின. வேலியோரம் நிற்கும் ஐந்திதழ் சிவப்பு மட்டும் ஒன்பது வருஷமாக ஒருநாள் தவறாமல் பூக்கிறது.

கறிவேப்பிலைக்குத் தனியாக ஒன்றும் செய்வதில்லை. மார்கழிப் பனியில் சும்மா நிற்கும், மாசியில் நுனியைக் கிள்ளினால் அடர்ந்து வரும். வேரிலிருந்து கிளம்பும் கன்றுகள்தான் தெருவில் என் மொய். இதுவரை ஏழு வீட்டுக்குப் போயிருக்கிறது.

மூடாக்கு பற்றி ஒரு வார்த்தை. அறுவடை முடிந்த கையோடு வைக்கோல் சும்மாவே கிடைக்கும். மாசிக்குள் செடியடியில் பரப்பிவிட்டால் மண் வெடிப்பதும் தண்ணீர்ச் செலவும் பாதியாகக் குறைகிறது. தண்டை ஒட்டி மட்டும் போடவேண்டாம், கரையான் வரும்; ஒரு சாண் தள்ளிப் போடவும். தேங்காய் மட்டை இருந்தால் குழிந்த பக்கம் மேலே பார்க்கப் புதைத்து வைத்தால் ஈரத்தைப் பிடித்துவைக்கும். எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிஷ வேலை. கவ்வாத்து நாளில் மட்டும் அரை நாள்.

வேம்பு நாங்கள் வைத்தது இல்லை, ஆனாலும் பங்குனி என்றால் அதுதான். பழைய வேட்டியை அடியில் விரித்துவைத்தால் காலைக்குள் பூ உதிர்ந்து கிடக்கும். நிழலில் உலர்த்தினால் சித்திரை ஒன்றாம் தேதிப் பச்சடிக்கும் வருஷம் முழுக்க ரசத்துக்கும் ஆகும்.

பாக்கி இருப்பது மனோரஞ்சிதம். வைத்து ஐந்து வருஷம். சுவரைப் பிடித்து மாடிவரை ஏறிவிட்டது, ஒரு பூ இல்லை. போன வருஷம் வெட்டட்டுமா என்று அத்தையிடம் கேட்டேன். கிட்டப் போய்ப் பார்த்து, ஒரு இலையைக் கசக்கி மோந்துவிட்டு, “இன்னும் ஒரு பங்குனி பாரு” என்றார். அதையேதான் முந்தின வருஷமும் சொன்னார். உதிர்ந்த வேப்பிலையைக் கூட்டி அதன் அடியில்தான் தள்ளிக்கொண்டிருக்கிறேன்.